மருந்தறை கேள்வி பதில்: ஐசியூ கதவுக்கு உள்ளே

போன இதழில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மருந்தாளர் முழுநேரமாக இருக்க வேண்டும் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த முறை வேறு எதையும் எடுக்க முடியாது போலிருக்கிறது. சளி மருந்து, பிரஷர் மாத்திரை கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் பேராதனையில் பிஃபார்ம் என்கிற மருந்தாளர் பட்டம் முடித்துவிட்டு மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் இரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். காலையில் இருந்து ஜன்னலில் நின்று மருந்து கொடுப்பதிலேயே நாள் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் மருந்தாளர்களுக்கு ஐசியூவுக்கென்றே தனி ரெசிடென்சி, அதாவது வைத்தியசாலையில் நின்று செய்யும் பயிற்சி, இருக்கிறதாம். அதில் என்ன படிப்பிப்பார்கள்? என்னால் போக முடியுமா?
– பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்: தங்கச்சி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு வாங்கும் ஆட்கள் இதைத்தான் கடைசியில் சொல்வார்கள். இப்போது கையில் இருக்கிற பட்டத்தை வைத்துக்கொண்டு நேராகப் போக முடியாது. அங்கே ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஃபார்ம்டி என்கிற மருந்தாளர் பட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டு மருந்தாளர்களுக்கான எஃப்பிஜிஈசி சான்றிதழ் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு ஒரு பரீட்சை, ஓர் ஆங்கிலப் பரீட்சை எல்லாம் உண்டு. ஆனால் அதற்கு முன்பே ஒரு தடை இருக்கிறது: 2003 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பட்டம் பெற்றவர்களுக்கு மருந்தியல் படிப்பு குறைந்தது ஐந்து வருஷமாக இருந்திருக்க வேண்டும். நம்முடைய பிஃபார்ம் நாலு வருஷம். அந்த ஒரு வருஷம்தான் குறுக்கே நிற்கிறது, உங்களுடைய திறமை இல்லை. இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் என்னிடம் வந்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, அதில் என்ன படிப்பிப்பார்கள் என்ற முதல் கேள்விக்கு வருவோம். அங்கே ஃபார்ம்டி முடித்த பிறகு ஒரு வருஷம் பொதுவான வைத்தியசாலைப் பயிற்சி, அதைப் பிஜிஒய் 1 என்பார்கள். அதை முடித்தவர்கள்தான் அடுத்த வருஷம் பிஜிஒய் 2 என்று ஒரே துறைக்குள் இறங்கலாம், அதில் ஒன்றுதான் கிரிட்டிக்கல் கேர். இரண்டையும் ஏஎஸ்எச்பி என்கிற அமெரிக்க மருந்தாளர் சங்கம் அங்கீகரிக்கிறது. இடம் கிடைப்பது நேர்முகத் தேர்வோடு முடிவதில்லை. நீங்கள் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்திக் கொடுக்க, அவர்கள் விரும்பும் ஆட்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்திப் பார்க்கும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு, வேலை செய்யும் மருந்தாளர் எடுக்கும் சம்பளத்தை விட அது நன்றாகக் குறைவு.

அந்தப் பன்னிரண்டு மாதத்தில் வகுப்பில் உட்கார்ந்திருப்பது கொஞ்சம்தான். ஒரு மாதம் பொது மருத்துவ ஐசியூ, அடுத்த மாதம் சத்திரசிகிச்சை ஐசியூ, அப்புறம் இருதயம், நரம்பு, விபத்து, அவசர சிகிச்சை என்று மாறி மாறி நிற்க வேண்டும். விடிய எழும்பி ஒவ்வொரு நோயாளியின் இரத்தப் பரிசோதனை, சிறுநீர் அளவு, மருந்து ஓடிக்கொண்டிருக்கும் பம்புகள் எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்க வேண்டும். ரவுண்டில் டாக்டர் மருந்து எழுதும்போது பக்கத்தில் நின்று, “இவருடைய சிறுநீரகம் நேற்றை விட மோசம், இந்த டோஸ் அதிகம்” என்று அந்த நிமிஷமே சொல்ல வேண்டும், அடுத்த நாள் கடிதம் எழுதி இல்லை. இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றி எல்லோரும் ஓடும்போது மருந்துத் தட்டுக்கு முன்னால் நீங்கள் நிற்க வேண்டும். ஒரு ஆராய்ச்சி செய்து முடிக்க வேண்டும், ஜூனியர்களுக்குப் படிப்பிக்க வேண்டும். இத்தனையையும் உங்களை விட அனுபவமுள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்து, அன்று பின்னேரமே “அங்கே ஏன் தயங்கினாய்?” என்று கேட்பார். என்னைக் கேட்டால் ரெசிடென்சியின் உயிரே அந்தக் கேள்விதான். டாக்டர்மாருக்கு இங்கே பட்டப்பின் படிப்பு நிறுவனம் இருக்கிறது, பெரிய டாக்டரின் நிழலில் வருஷக்கணக்கில் நின்று படிக்கிறார்கள். மருந்தாளருக்கு அப்படி ஓர் ஏணியை நாம் இன்னும் கட்டவில்லை, எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நம் ஐசியூவுக்கு வருகிற நோயாளி அவர்களுடைய பாடப் புத்தகத்தில் ஓர் அடிக்குறிப்பாகத்தான் இருப்பார். மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கலைந்து இருபது, முப்பது கொட்டு வாங்கிய அம்மாவைக் கொண்டு வருவார்கள். முதலில் அட்ரினலின் தொடையில் போக வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து அவருடைய சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் இறங்கத் தொடங்கும்போது அதுவரை கொடுத்த எல்லா மருந்தின் அளவையும் திருப்பிப் பார்க்க ஒருவர் வேண்டும். பூச்சிமருந்து விஷம் ஏறிய நோயாளி வந்தால் அதை முறிக்கும் அத்ரோபினை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். 0.6 மில்லிகிராம் அம்பியூலில் கணக்குப் போடுங்கள்: மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு. கால் மணி நேரத்துக்குள் நாற்பத்தைந்து அம்பியூல் உடைந்துவிடும்! அலுமாரியில் எத்தனை இருக்கிறது, பக்கத்து வைத்தியசாலையில் எத்தனை இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இது எத்தனை பெரிய கேள்வி என்று நாம் எல்லோரும் கண்டோம்.

அதனால் நாளைக்கே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வைத்தியசாலையில் ஐசியூ இருந்தால் அதற்குப் பொறுப்பான டாக்டரிடம் போய், வாரத்தில் இரண்டு நாள் காலை ரவுண்டில் சும்மா நிற்க அனுமதி கேளுங்கள். முதல் மாதம் வாயே திறக்க வேண்டாம். ஒரு கொப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலுக்கும் டிக்கெட்டில் எழுதியிருக்கும் மருந்து, நோயாளியின் எடை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, குழாய் வழியாக ஊட்டுகிறார்களா இல்லையா, இவ்வளவையும் எழுதுங்கள். ஃபாஸ்ட் ஹக் என்று ஒரு நினைவுச் சொல் உண்டு, பெல்ஜியத்து ஐசியூ டாக்டர் ழான் லூயி வான்சான் 2005இல் எழுதியது. உணவு, வலி மருந்து, மயக்க மருந்து, இரத்தம் உறையாமல் காப்பது, தலைப்பக்கம் உயர்த்தி வைப்பது, வயிற்றுப் புண் வராமல் காப்பது, சீனி அளவு என்று ஏழு விஷயத்தை ஒவ்வொரு கட்டிலிலும் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். அந்த ஏழில் குறைந்தது ஐந்து மருந்தாளருடைய வேலை. இரண்டாவது மாதத்தில் உங்கள் கொப்பியைப் பார்த்து அவர்களே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

கேள்வி: நானும் பிஃபார்ம்தான். “கிரிட்டிக்கல் கேர் ஃபார்மசி, ஆறு மாதம், ஆன்லைன், வெளிநாட்டு ரெசிடென்சிக்குச் சமம்” என்று ஒருவர் விளம்பரம் காட்டினார். கட்டணம் அதிகம். சேரலாமா?
– வாசகர், பதுளை

பதில்: வேண்டாம் தம்பி. படிப்பதற்கு ஆன்லைன் நல்லதுதான், நானும் படிக்கிறேன், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்காத ஒன்றை ரெசிடென்சிக்குச் சமம் என்று சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

உண்மையான வழிகள் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் ஒப்ரா என்ற பரீட்சை (2025 வரை கேப்ஸ் என்று இருந்தது) எழுதி, அங்கே இன்டர்ன் பயிற்சி முடித்து, பதிவு பெற்ற பிறகு வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்தால், இரண்டு வருஷ அடிப்படை ரெசிடென்சியும் அதன் மேல் இரண்டு வருஷ உயர்நிலை ரெசிடென்சியும் சம்பளத்தோடு செய்யலாம். அந்த உயர்நிலையில் தீவிர சிகிச்சையும் ஒரு துறை. பிரித்தானியாவில் வெளிநாட்டு மருந்தாளருக்கு ஓஸ்பாப் என்று ஒரு வருஷப் படிப்பு, பிறகு ஒரு வருஷப் பயிற்சி, பிறகு பதிவுப் பரீட்சை. செலவு அதிகம். இந்தியாவில் 2008இல் இருந்து ஃபார்ம்டி இருக்கிறது. பிஃபார்ம் முடித்தவர்கள் மூன்று வருஷத்தில் செய்யலாம், அதில் கடைசி வருஷம் முழுக்க வைத்தியசாலையில்தான். ஊட்டியில் கூட அந்தப் படிப்பு இருக்கிறது, குளிருக்குப் பயப்படத் தேவையில்லை, நமக்குப் பழகியதுதானே.

இன்னும் ஒன்று. அமெரிக்காவின் மருந்தியல் சிறப்புத் தகுதிச் சபை 2015இல் இருந்து தீவிர சிகிச்சை மருந்தாளருக்கென்று ஒரு பரீட்சை வைக்கிறது. தன் நாட்டில் மருந்தாளராகப் பதிவு பெற்றவர்களும் அதை எழுதலாம். ரெசிடென்சி செய்யாதவர் என்றால் நாலு வருஷ அனுபவம் வேண்டும், அதில் குறைந்தது பாதி நேரம் ஐசியூ நோயாளிகளோடு கழிந்திருக்க வேண்டும். தலவாக்கலைத் தங்கச்சிக்கு நான் சொன்ன கொப்பி இங்கேதான் உதவிக்கு வரும். நீங்களும் ஒன்று தொடங்குங்கள்.

கேள்வி: நான் ஐசியூவில் தாதியாக இருக்கிறேன். ஏற்கனவே டாக்டர்மார், பிசியோ, லேப் ஆட்கள் என்று கட்டிலைச் சுற்றி நிற்க இடமில்லை. இனி மருந்தாளரும் வந்து எங்கள் வேலையில் பிழை பிடிக்கவா?
– வாசகி, நுவரெலியா

பதில்: மிஸ்ஸி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கணக்கெடுக்கவும் கேள்வி கேட்கவும் மட்டும் மேலே இருந்து வந்த ஆட்களைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் இரவு இரண்டு மணியை நினைத்துப் பாருங்கள். நோயாளிக்கு ஒரே ஒரு நல்ல லைன்தான் இருக்கிறது, அதில் ஏற்கனவே இரண்டு பம்ப் ஓடுகிறது, இப்போது வலிப்புக்கான ஃபெனிடோயின் போடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் லைனில் அதைச் சேர்த்தால் குழாய்க்குள்ளேயே வெள்ளையாகத் திரண்டுவிடும், நோர்மல் சேலைனில்தான் போக வேண்டும், அதுவும் பெரியவருக்கு நிமிஷத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வேகம் கூடாது. செஃப்ட்ரியாக்சோன் என்கிற அன்டிபயோட்டிக்கும் கல்சியமும் ஒரே லைனில் ஒன்றாகப் போகக் கூடாது. இதையெல்லாம் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் தூக்கத்தில் இருக்கும் யாரையோ போனில் எழுப்புகிறீர்கள். எந்த மருந்து எதோடு சேரும், எதோடு சேராது என்று உங்கள் ஐசியூவில் பாவிக்கும் மருந்துகளுக்கு மட்டும் ஒரு பெரிய அட்டை எழுதிச் சுவரில் ஒட்டி, மருந்து மாறும்போது அதைத் திருத்துவது ஐசியூ மருந்தாளருடைய வேலை. பொட்டாசியம் குளோரைட் அம்பியூலை மற்ற அம்பியூல்களோடு ஒரே தட்டில் வைக்காமல் பிரித்து வைப்பதும் அவர் வேலை. அவர் உங்கள் பிழையைத் தேடி வருபவர் அல்லர், அந்தப் பிழை உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே அதை மறிப்பவர்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலை ஐசியூவில் மருந்தாளரை ரவுண்டில் நிற்க வைத்துப் பார்த்த ஆய்வு 1999இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ சஞ்சிகையில் வந்தது. மருந்து எழுதும்போது நேரும், தவிர்க்கக்கூடிய பாதிப்புகள், 1000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒரு நோயாளி-நாள்) 10.4 ஆக இருந்தது 3.5 ஆக இறங்கியது. மருந்தாளர் சொன்ன யோசனைகளைக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் டாக்டர்மார் ஏற்றுக்கொண்டார்கள். அது அமெரிக்கா என்று சொல்வீர்கள். நம் ராகமை போதனா வைத்தியசாலையிலும் வார்ட்டில் மருந்தாளரை நிறுத்திப் பார்த்தார்கள், ஐசியூ அல்ல, சாதாரண மருத்துவ வார்ட். மருந்தால் வந்த சிக்கலுக்காகத் திரும்ப வந்து சேர்பவர்கள் குறைந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 2018இல் வெளிவந்தது.

இன்னொன்றும் உண்டு, இது மலையகத்துக்கே உரியது. நோயாளி பேச முடியாமல் கிடக்கிறார், வெளியே வாங்கில் அவருடைய மருமகள் ஒரு சொப்பிங் பேக்கோடு உட்கார்ந்திருக்கிறார். அதற்குள் கிளினிக் கொப்பி, தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த சின்னக் கடதாசி உறைகள், கடையில் வாங்கிய பனடோல் அட்டை, வீட்டில் இடித்த கஷாயத் தூள் எல்லாம் கலந்து கிடக்கும். ரவுண்ட் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும். அந்த மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வோர் உறையாக எடுத்து, “இது காலையிலா ராவையிலா, கடைசியாக எப்போ குடிச்சாங்க” என்று தமிழில் பொறுமையாகக் கேட்க ஒருவர் இருந்தால், உங்களுடைய சுமை எவ்வளவு குறையும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் மருந்தாளர். மாதச் சம்பளம் வருகிறது, நிம்மதியாக இருந்தோம். இப்போது ஐசியூ படிப்பு, வெளிநாடு என்று கதைக்கிறாள். மருந்து எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு இன்னும் என்ன படிப்பு? போனால் திரும்பி வருவாளா?
– ஒரு தகப்பன், பொகவந்தலாவை

பதில்: ஐயா, லயத்தில் இருந்து ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியவர் நீங்கள். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வைத்தியசாலையில், பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவருக்கு நிஃபெடிபின் என்ற பிரஷர் மாத்திரை எழுதி வந்தது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்த வகை. நான் எண்ணி, உறையில் போட்டு, பெயர் எழுதி ஜன்னலால் கொடுத்தேன். என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தப் பெரியவரால் விழுங்க முடியாது, மூக்கால் குழாய் போட்டிருந்தார்கள். வார்ட்டில் அந்த மாத்திரையை உரலில் இடித்துத் தண்ணீரில் கலந்து குழாய்க்குள் விட்டார்கள். நாள் முழுக்க மெதுவாகப் போக வேண்டிய மருந்து ஒரே அடியாக உள்ளே போய் அவருடைய பிரஷர் தடாரென்று விழுந்துவிட்டது. நல்ல காலம், பிழைத்துக்கொண்டார். அன்று பின்னேரம்தான் எனக்கு விஷயம் வந்தது. நான் வார்ட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அந்த உரலில் மஞ்சள் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய் போட்ட ஆள் என்று ஜன்னலுக்குள் இருந்த எனக்கு யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் யாரும் படிப்பித்திருக்கவில்லை. இருபது வருஷம் தாண்டிவிட்டது, அந்த மஞ்சள் தூள் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

உங்கள் மகள் கேட்கிற படிப்பு இதற்குத்தான். எண்ணிக் கொடுத்த மாத்திரை கட்டில் வரை போய் என்ன ஆகிறது என்று பார்க்கிற படிப்பு.

திரும்பி வருவாளா என்று கேட்டீர்கள். அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. போய்விட்டுத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள், அங்கேயே தங்கியவர்களும் இருக்கிறார்கள். வந்தால் நிற்க ஓர் இடம் இருக்க வேண்டும், அதாவது வைத்தியசாலையில் ஐசியூ மருந்தாளர் என்று ஒரு பதவி இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது நாங்கள், உங்கள் மகள் தனியாக அல்ல. நீங்கள் அவளிடம் கோபித்துக்கொள்ளாமல், எந்த நாடு, எத்தனை வருஷம், எவ்வளவு செலவு, கடன் யார் பெயரில் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தக் கடதாசியோடு இரண்டு பேரும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்கிறேன். மருந்தாளர் ஆக ஆசை. எனக்குக் கணக்கு வராது. ஐசியூ மருந்தாளருக்குக் கணக்கு வேண்டுமா?
– மாணவன், ஹட்டன்

பதில்: வேண்டும் தம்பி, ஆனால் நீங்கள் பயப்படுகிற கணக்கு இல்லை. பெருக்கல், வகுத்தல், அலகு மாற்றுவது, அவ்வளவுதான். ஆனால் அதில் பிழை வரக் கூடாது.

ஒன்றைச் செய்து காட்டுகிறேன். பிரஷர் விழுந்த நோயாளிக்கு அதை ஏற்றும் நோர்அட்ரினலின் ஓடுகிறது. 50 மில்லிலீட்டர் சிரிஞ்சில் 4 மில்லிகிராம், அதாவது ஒரு மில்லிலீட்டரில் 80 மைக்ரோகிராம். டாக்டர் எழுதியிருப்பது கிலோவுக்கு, நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம். நோயாளியின் எடை 60 கிலோ என்றால் நிமிஷத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 360ஐ 80ஆல் வகுத்தால் 4.5. பம்ப்பில் மணிக்கு 4.5 மில்லிலீட்டர் வைக்க வேண்டும்.

இப்போது கட்டிலில் இருப்பவர் கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா. அவரை நிறுக்க வழியில்லை, யாரோ கண்ணால் பார்த்து 60 என்று எழுதிவிட்டார்கள். உண்மையில் அவர் 40 கிலோ. பம்ப் எவ்வளவில் ஓடியிருக்க வேண்டும், எவ்வளவு கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கிறது? கல்குலேட்டர் இல்லாமல் செய்து, விடையை எழுதி அனுப்புங்கள்.